கடல் கடந்து கற்கச் சென்ற பெண்கள்

எமது கல்லூரி நூறாண்டு காணும் இவ்வேளையில் அதன் பழைய மாணவியர் இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் என எங்கும் பரந்து வாழ்கின்றனர். மேற்படிப்புக்கென்று சென்றவர்களும் எம்மில் பலர். அந்நிய மண்ணில் பாடத்தைப் படிப்பது ஒரு படிப்பு. உண்ணவும் உடுக்கவும் பேசவும் புதிதாய்ப் பழகுவது இன்னொரு படிப்பு. இந்த இரண்டாவது படிப்புக்கு எமது பிராந்தியப் பெண்களிடையே 140 ஆண்டு வரலாறு உண்டு.

மராட்டியப் பெண்ணான ஆனந்திபாய் ஜோஷி 1865இல் பிறந்தவர். 14 வயதில் பெற்ற குழந்தையைப் பத்து நாட்களில் இழந்தவர். மருத்துவம் கற்க 1883 ஏப்ரலில் கல்கத்தாவில் கப்பலேறினார். கடல் கடப்பதே ஆசாரக்கேடு என்றிருந்த காலம் அது. எனவே இந்துவாகவே சென்று இந்துவாகவே திரும்புவேன் என்று புறப்படுமுன் பொதுக்கூட்டமொன்றில் உறுதிகூறினார்.

பென்சில்வேனியாப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் அவர் அந்த வாக்கைக் காத்தார். மரக்கறி உணவையே உண்டார், சேலையை விடவில்லை. ஒன்பது கஜச் சேலைக்கட்டில் கால்கள் குளிரில் விறைத்தபோது, கால்களை மூடும் குஜராத்திக் கட்டுக்கு மாறினார். 1885இல் எடுத்த நிழற்படமொன்றில் அவரும் யப்பானிய மாணவி ஒகாமியும் சிரிய மாணவி இஸ்லாம்பூலியும் தத்தம் நாட்டு உடையில் நிற்கின்றனர். 1886 மார்ச்சில் பட்டம் பெற்றார். கோலாப்பூர் மருத்துவமனையில் பதவியும் காத்திருந்தது. ஆனால் காசநோயுடன் நாடு திரும்பியவர், 1887 பெப்ரவரியில், 22 வயது நிறையுமுன் காலமானார்.

சேலையோ மரக்கறியோ அவரைக் கொல்லவில்லை. காசநோய்க் கிருமியை ரொபேட் கொக் 1882இல் கண்டறிந்திருந்தார். அதை அழிக்கும் மருந்து வர மேலும் அறுபது ஆண்டுகள் சென்றன. எனினும் போதாத உணவு அந்நோய்க்கு எதிரான உடலின் வலுவைக் குறைக்கும் என்பது மருத்துவ உண்மை. ஊர் முழுவதற்கும் வாக்குக் கொடுத்துவிட்டுப் போன பிள்ளை, தன் உடல் கேட்பதைத் தாராளமாகக் கொடுக்கத் தயங்குவாள். இது எமக்குப் புதிதல்ல.

எமது தலைமுறை வன்னியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படித்தது. ஜாம் போத்தல் விளக்கும் மரநிழல் வகுப்பும் எமக்குப் பழக்கம். ஆகவே எதற்கும் பழகிவிடுவோம் என்ற துணிவோடுதான் விமானம் ஏறினோம். பனியைவிடச் சின்னச் சின்ன விடயங்களே எம்மைத் தடுமாற வைத்தன. பெரிய வைத்திய நிபுணரை முதற்பெயர் சொல்லி அழைக்க நா எழவில்லை. நாம் 'ஓம்' என்று தலையை ஆட்டினால் அங்குள்ளவர்கள் 'இல்லை' என்று விளங்கிக்கொண்டார்கள். விளங்காததைக் கேட்காமல் இருப்பதை மரியாதை என்று நாம் நினைத்தோம். அவர்கள் அதை அக்கறையின்மை என்று நினைத்தார்கள். "சாப்பிட்டியா பிள்ளை?" என்று கேட்க எவருமில்லை.

இவற்றுக்கெல்லாம் பழகியபோது நாம் எதையும் இழந்துவிடவில்லை. வாய் திறந்து 'ஓம்' சொல்லப் பழகினோம். வீட்டில் புட்டு அவித்தோம். ஆனந்திபாய் சேலையைக் கைவிடாமலே கட்டை மாற்றியதும் இதே அறிவுதான்.

இனிப் போகும் தங்கைமாருக்குச் சில வார்த்தைகள். குளிருக்கு ஏற்ற சப்பாத்தும் மேலங்கியும் முதல் மாதமே வாங்குங்கள். அந்தக் காசை மிச்சம்பிடித்து வீட்டுக்கு அனுப்பவேண்டாம். வெயில் குறைந்த நாடுகளில் எமது நிறத்தவருக்கு விற்றமின் டி குறைவது சாதாரணம். பிரித்தானியாவில் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் எடுக்கும்படி அரசே சொல்கிறது. இருமலோ உறக்கமின்மையோ வாரக்கணக்கில் நீடித்தால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. "மாறாமல் வா" என்று சொல்லி அனுப்புவதைவிட, "சுகமாக வா" என்று சொல்லி அனுப்புங்கள்.