எடையிலிருந்து இடுப்புக்கு: சிங்கப்பூர் இந்தியரிடையே உடற்பருமன் மரபணு ஆய்வின் வளர்ச்சி

சிங்கப்பூரின் தோ பாயோவில், 1989இல் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின் விளைவாக, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஒவ்வொரு புளோக்கிலும் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் அண்டை வீட்டாராக வாழ்கின்றனர். மின்தூக்கியும் உணவங்காடி நிலையமும் பலதுறை மருந்தகமும் மூவர்க்கும் பொதுவாக இருக்க, சமையலறையும் மூதாதையர் வழியும் மட்டும் வேறுபடும் இத்தகைய குடியிருப்புகள் நிறைந்த நாடு, உடல் எடையில் பரம்பரைக்கும் சூழலுக்கும் உள்ள பங்கைப் பிரித்தறிய முயல்வோருக்கு வேறெங்கும் எளிதில் கிட்டாத களமாகும். எனினும், அக்களத்தில் கேட்கப்பட்ட முதற்கேள்விகள் ஐரோப்பிய உடல்களை அளந்து பெற்றவை. அவை இந்தியருக்கு, குறிப்பாக அவர்களுள் பெரும்பான்மையினரான தமிழருக்கு, எவ்வளவு பொருந்தின என்பதைக் கண்டறியவே பல ஆண்டுகள் கழிந்தன.

பருமனில் பரம்பரைக்குப் பங்குண்டு என்பதை 1990இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு குழுவினர் வெளியிட்ட இரட்டையர் ஆய்வு ஐயத்திற்கிடமின்றி நிறுவியது. பிறந்தபின் வெவ்வேறு குடும்பங்களில் வளர்ந்த ஒருகரு இரட்டையர்கூட உடல் நிறைக் குறியெண்ணில், அதாவது கிலோகிராமிலான எடையை மீட்டரிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண்ணில், பெரிதும் ஒத்திருந்தனர். ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் காணப்படும் எடை வேறுபாட்டில் மரபுவழி விளக்கத்தக்க பங்கு ஏறத்தாழ 70 விழுக்காடு என்று அவ்வாய்வு மதிப்பிட்டது. இந்த எண் பலராலும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. ஒருவரது எடையில் 70 விழுக்காட்டை மரபணு முடிவு செய்கிறது என்பது இதன் பொருளன்று; ஒரே காலத்தில், ஒத்த சூழலில் வாழ்வோரிடையே உள்ள வேறுபாட்டை மட்டுமே அது குறிக்கிறது. சிங்கப்பூரில் 1992இல் 5.1 விழுக்காடாக இருந்த பெரியவர் பருமன் 2010இல் 10.8 விழுக்காடாக உயர்ந்தது. பதினெட்டு ஆண்டுகளில் எந்த மக்களின் மரபணுத் தொகுதியும் அவ்வளவு மாறிவிடாது, மாறியது உணவும் உழைப்பும்தான். மரபு ஒருவரைச் சூழலுக்கு எளிதில் இலக்காக்குகிறது; சூழலோ அந்த வாய்ப்பை நோயாக்குகிறது.

பரம்பரைப் பங்கு எந்த உறுப்பில் செயற்படுகிறது என்பதற்கான விடை 1994இல் கிடைத்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர், கட்டுக்கடங்காது பருக்கும் எலிகளில் பழுதுற்றிருந்த மரபணுவைப் பிரித்தெடுத்து, அது கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்கு இருப்பு நிலையை அறிவிக்கும் லெப்டின் என்னும் இயக்குநீரை உருவாக்குவது எனக் காட்டினர். மூன்று ஆண்டுகளில், அதே குறைபாடுடைய, பாகிஸ்தானிய வழியினரான இரு சிறார் கேம்பிரிட்ஜில் அடையாளம் காணப்பட்டனர். அவர்களுள் மூத்த சிறுமிக்கு லெப்டின் ஊசி போடப்பட்டபோது பெரும்பசி தணிந்து எடை குறைந்தது. சோம்பலும் கட்டுப்பாடின்மையும் என்று பழிக்கப்பட்ட நிலை ஒரு மூலக்கூறின் இன்மையாக விளக்கம் பெற்றது, மருத்துவ வரலாற்றில் நீதியின் பக்கம் நடந்த திருப்பம் எனலாம்.

அத்திருப்பம் சிங்கப்பூருக்கும் விரைவில் வந்தது. 2002இல் லீ யுங் செங் உள்ளிட்ட குழந்தை மருத்துவர்கள், கடும் பருமனுள்ள ஒரு சிறுமியிடமும் அவள் தந்தையிடமும், பசியையும் ஆற்றல் செலவையும் நெறிப்படுத்தும் மெலனோகார்ட்டின் ஏற்பிகளுள் ஒன்றான எம்சி3ஆர் என்பதில் அதுவரை அறியப்படாத மாற்றத்தைக் கண்டறிந்தனர். 1992 முதல் 2007 வரை, எடை மிகுந்த மாணவரைத் தனியே பிரித்துக் கூடுதல் உடற்பயிற்சி செய்யவைத்த திட்டம் பள்ளிகளில் நடந்துவந்த காலமும் இதுவே. ஏற்பி பழுதுற்ற ஒரு குழந்தை சக மாணவர் பார்க்க ஓடவேண்டியிருந்திருக்கக்கூடும் என்னும் எண்ணம் இந்த இரு நிகழ்வுகளையும் சேர்த்துப் படிப்போரை வருத்தாமல் விடாது. ஆனால் ஒற்றை மரபணுவால் விளையும் இத்தகைய பருமன் மிக அரிது. பெரும்பாலோரின் எடையை வடிவமைப்பவை தனித்தனியே சிறு விளைவே உடைய, பரவலாகக் காணப்படும் நூற்றுக்கணக்கான மாறுபாடுகள்.

அவற்றுள் வலுவானது எஃப்டிஓ என்னும் மரபணுவில் உள்ளதாக 2007இல் இங்கிலாந்து ஆய்வாளர் அறிவித்தனர். அம்மாறுபாட்டின் இரு படிகளையும் பெற்ற ஐரோப்பியர், ஒன்றும் பெறாதவரைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடையுடன் இருந்தனர். மறு ஆண்டே, 1998ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் பங்கேற்ற 2,919 சீனர், 785 மலாய்க்காரர், 594 இந்தியர் ஆகியோரின் மரபணுக்களில் சிங்கப்பூர் ஆய்வாளர் இதனைச் சோதித்தனர். மலாய்க்காரருக்கு மேலும் 2,996 பேர் கொண்ட கண் ஆய்வுத் திரட்டு துணை நின்றது. சீனரிடமும் மலாய்க்காரரிடமும் தொடர்பு உறுதிப்பட்டது. கட்டுரையின் தலைப்பும் அவ்விரு இனத்தவரை மட்டுமே குறித்தது. சிறு விளைவுகளைப் பிரித்துக்காட்ட ஆயிரக்கணக்கானோர் தேவைப்படும் துறையில் 594 பேர் போதுமானவர் அல்லர். சிறுபான்மையினரின் அறிவியல் பெரும்பாலும் இவ்வாறே பின்தங்குகிறது: உடல் வேறுபட்டதால் அன்று, எண்ணிக்கை குறைந்ததால். பின்னர் இந்தியருக்கெனத் தனிக் கண் ஆய்வு நடத்தப்பட்டு 3,400 பேர் சேர்க்கப்பட்டனர். மூவினத்தவரும் அடங்கிய 10,482 பேரின் தரவை ஒருங்கிணைத்து 2012இல் வெளிவந்த ஆய்விலும் எஃப்டிஓவே முதலிடம் பெற்றது.

இந்தியரைப் பொறுத்தவரை ஆழமான திறப்பு வேறொரு திசையிலிருந்து வந்தது. 2008இல் ஜான் சேம்பர்ஸ் தலைமையிலான குழு, லண்டனில் வாழும் இந்தியரிடையே, மெலனோகார்ட்டின் ஏற்பிகளுள் மற்றொன்றுக்கான எம்சி4ஆர் மரபணுவுக்கு அருகிலுள்ள ஒரு மாறுபாட்டை இடுப்புச் சுற்றளவுடனும் இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காத நிலையுடனும் இணைத்துக் காட்டியது. அது ஐரோப்பியரைவிட இந்தியரிடம் மிகுதியாகக் காணப்பட்டது. ஆனால் இரு மக்களிடையே ஒரு மாறுபாட்டின் பரவல் வேறுபடுவதாலேயே அவர்களின் நோய்ப்பளு முழுவதையும் அது விளக்கிவிடாது. சிங்கப்பூரின் கஸ்டோ பிறப்புத் திரட்டில் 237 குழந்தைகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த கட்டுரை, மரபணு எழுத்தை மாற்றாமல் அதன் செயற்பாட்டைக் கூட்டிக் குறைக்கும் வேதிக்குறிகளில் ஆளுக்கு ஆள் வேறுபடும் பகுதிகளுள் 75 விழுக்காட்டை, மரபும் தாயின் எடை முதலான கருப்பைச் சூழலும் ஒன்றோடொன்று வினைபுரிவதே சிறப்பாக விளக்கியதாகக் கண்டது. மரபா, சூழலா என்று பிரித்துக் கேட்பதே பிழையாகும் இடம் இது.

எடையைவிடக் கொழுப்பு சேரும் இடமே இந்தியருக்கு முதன்மையானது என்பதற்குச் சிங்கப்பூரிலேயே முன்சான்று இருந்தது. 2000இல் மேபல் டியூரன்பர்க்-யாப் குழுவினர், ஒரே குறியெண்ணுள்ள ஐரோப்பியரைவிடச் சிங்கப்பூரின் மூவினத்தவரும் கூடுதல் உடற்கொழுப்பு உடையவர் என அளந்து காட்டி, பருமனின் எல்லையை 30இலிருந்து சீனருக்கும் மலாய்க்காரருக்கும் 27ஆகவும் இந்தியருக்கு 26ஆகவும் கொள்ளலாம் என்றனர். 2005இல் நாடு ஏற்றுக்கொண்ட அட்டவணையோ மூவர்க்கும் பொதுவாக 23இல் மிதமான அபாயத்தையும் 27.5இல் உயர் அபாயத்தையும் தொடங்கியது. 170 சென்டிமீட்டர் உயரமும் 76 கிலோ எடையும் உள்ள தமிழர் ஒருவரின் குறியெண் 26.3, அட்டவணை அவரை மிதமான அபாயத்தில் வைக்கிறது, 2000ஆம் ஆண்டின் அளவீடோ அவரைப் பருமனுற்றவராகக் கணக்கிடுகிறது. இந்த இடைவெளியில் நிற்போருக்கு எடைபார்க்கும் கருவி போதாது. ஆசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்னும் இடுப்பு அளவையும் நாடாவால் பார்த்தாக வேண்டும். லண்டன் இந்தியரை ஆராய்ந்த சேம்பர்ஸ், இப்போது தோ பாயோவுக்கு அடுத்த ரயில் நிலையமான நொவீனாவில் உள்ள லீ கோங் சியான் மருத்துவக் கல்லூரியிலிருந்து நடத்தும் ஹீலியோஸ் ஆய்வு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மூவினத்தவரின் மரபணுத் தரவோடு அவர்களது உடற்கொழுப்பு எங்கெங்கே படிந்துள்ளது என்பதையும் ஊடுகதிர்க் கருவியால் சேர்த்தே பதிவு செய்கிறது.