தாய்ப்பாலும் பிள்ளையின் குடலும்

2007 மார்ச்சில் படுவான்கரையை விட்டு வாவியைக் கடந்து வந்தபோது என் மகளுக்கு இரண்டு மாதம். முகாமில், "யோசினையில பால் வத்திப்போச்சு, பால்மா கரைச்சுக் குடு" என்றார்கள். குடும்பநல மாது மட்டும், "மகள், புள்ளைய மார்போட வை, உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும்" என்றார். சில நாளில் பால் திரும்பியது. பயமும் களைப்பும் பால் இறங்குவதைத் தாமதிக்கும், சுரப்பை நிறுத்திவிடாது.

தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 வீதம் நீர். எனவே கடும் வெயிலிலும் ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தண்ணீர் தேவையில்லை. மிகுதியில் கூடுதலாக இருப்பது லக்ரோசு என்னும் பாற்சீனி, அடுத்தது கொழுப்பு. மூன்றாவது ஒலிகோசக்கரைட்டு எனும் சீனி வகைகள். இவற்றைப் பிள்ளையால் சமிக்க முடியாது. அவை குடலில் வாழும் பிபிடோபற்றீரியா என்ற நல்ல நுண்ணங்கிகளுக்கான உணவு. அவை அதைத் தின்று அமிலம் உண்டாக்குவதால் நோய்க்கிருமிகள் பெருகுவது கடினம். சில கிருமிகள் குடற்சுவருக்குப் பதிலாக இச்சீனியில் ஒட்டி மலத்தோடு வெளியேறும்.

முதல் நாட்களின் மஞ்சள் நிறச் சீம்பாலில் ஐ.ஜி.ஏ. என்னும் பிறபொருளெதிரி நிறைந்திருக்கிறது. அது குடலின் உட்சுவரைக் காக்கும், பீய்ச்சி ஊற்றிவிடாதீர்கள்.

பால்மாவில் தாயின் பிறபொருளெதிரி இல்லை. அதோடு அசுத்த நீரும் கழுவாத போத்தலும் சேர்ந்தால் வயிற்றோட்டம் வரும். முகாமில் அது உயிராபத்து.

வெள்ளமோ இடப்பெயர்வோ, முறை ஒன்றே: பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு உணவோடு இரண்டு வயதுக்கு மேலும் கொடுக்கலாம். பால் குறைவென்று தோன்றினால், பால்மா வாங்குமுன் உங்கள் குடும்பநல மாதுவிடம் காட்டுங்கள்.