ஆக்கெர் நதிக்கரை – 9: கோழி லோவிசாவின் வீடு

ஆலைகள் மூடப்பட்டு, க்ரூனர்லொக்கா இன்றைய ஒஸ்லோவின் கலைஞர் பேட்டையாக மாறிய கதையை இந்த வாரம் சொல்வதாகச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்குமுன் ஆற்றங்கரையில் ஒரு சிறிய மரவீட்டுக்குள் நுழைந்தே ஆக வேண்டும். அந்த வீட்டுக்கான வழி ஆலைகள் பிறந்த கதையினூடே போகிறது.

நூற்பு இயந்திர ஏற்றுமதிக்கு விதித்திருந்த தடையை 1843-ல் பிரிட்டன் விலக்கியது. இரண்டே ஆண்டில் ஆக்கெர் ஆற்றங்கரையின் நீடாலனில் ஆடம் யோர்ட் பஞ்சாலை தொடங்கினார். டென்மார்க்கில் பிறந்த க்னூட் கிரோவும் உடனே களத்தில் இறங்கினார். நார்வேயில் பருத்தி விளையாது. நிலக்கரியை விலை கொடுத்து இறக்க வேண்டும். ஆனால் பத்து கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 150 மீட்டர் இறங்கி ஓடுகிறது ஆக்கெர் ஆறு. அந்த விசைதான் முதலீடு. 1850களில் ஹால்வோர் ஸ்கௌ கட்டிய ஹ்யூலா நெசவாலையும் அந்த நீரில்தான் ஓடியது.

இம்மூவரும் நகரத்தை வளர்த்தவர்கள் என்பது வழக்கமான வரலாறு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வளர்த்தவர்கள் ஆலைப் பெண்கள். தறி இரைச்சலிலும் பஞ்சுத் தூசியிலும் நாள் முழுக்க நின்று, அறுந்த இழையை ஓடி ஓடி முடிந்தவர்கள். பெரம்பூரில் பின்னி ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளை பெற்றவளும் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். கைக்குழந்தையை யார் பார்ப்பது?

இந்தக் கேள்வியை நாடகமாக்கியவர் ஒஸ்கார் புரோத்தன். 1881-ல் பிறந்து, சாகெனா ஆலைக் குடியிருப்பில் வளர்ந்த, ஆலைத் தொழிலாளியின் மகன். 1911-ல் வந்த அவருடைய ‘உங்கன்’ நாடகத்தில் கோழி லோவிசா என்றொருத்தி வருகிறாள். மணமாகாமல் தாயான ஆலைப் பெண்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அவளே துணை. ஊர் தூற்றிய பெண்களை மேடையின் நடுவில் நிறுத்திய புரோத்தனே என் கணக்கில் இந்த ஆற்றின் நாயகர். பெயெர் பாலத்தருகே, 1800 வாக்கில் எழுந்த சிவப்பு மரவீட்டுக்கு அந்தப் பாத்திரத்தின் பெயர்தான். இப்போது அங்கே காப்பியும் வாஃபிளும் கிடைக்கும். பாலத்தில் ஆலைப் பெண்களின் சிலையும் இருக்கிறது.

1950களில் தொடங்கி ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆற்றோரப் பாய்மரத்துணி ஆலை கலைக் கல்லூரியானது. தானியக் களஞ்சியம் 2001-ல் மாணவர் விடுதியானது. 2012-ல் உணவுச் சந்தை திறந்தது. இந்த மாற்றத்தில் யார் வாழ்ந்தார்கள், யார் வெளியேறினார்கள் என்பது அடுத்த வாரம்.

ஒஸ்லோவில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் உணவுச் சந்தையோடு திரும்பிவிடாதீர்கள். ஆற்றோடு மேலே நடந்து பெயெர் பாலம்வரை போய்ப் பாருங்கள்.