6 பவுண்டும் ஒரு சாப்பாட்டு மேசையும்

கொரோனாதான் வீட்டிலிருந்து வேலை செய்யும் முறையைக் கண்டுபிடித்தது மாதிரி நாங்கள் கதைக்கிறோம். அதுக்கு 58 வருசம் முன்னமே, 1962இல், இங்கிலாந்தில் ஒரு பெண் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மென்பொருள் கம்பனியைத் தொடங்கிவிட்டார். முதலீடு 6 பவுண்ட்.

ஸ்டெபனி ஷேர்லி, 1939இல் நாசிகளிடமிருந்து காப்பாற்றப்பட்டு ரயிலில் லண்டன் வந்த யூதப் பிள்ளைகளில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 5. வளர்ந்து கணினித் துறைக்குள் வந்தபோது ஒன்றைக் கவனித்தார்: பிள்ளை பிறந்ததும் கெட்டிக்காரப் பெண்கள் வேலையை விட்டுப் போகிறார்கள். அவர்களையே வேலைக்கு எடுத்தார். முதல் 300 பேரில் ஆண்கள் 3 பேர்தான்.

கணினி இல்லாமல் வீட்டில் என்ன புரோகிராம் எழுதுவது? பென்சிலால் தாளில்தான். எழுதியது தபாலில் போகும், கணினியில் ஓட்டுவது வேறிடத்தில். வேலைக்கு விண்ணப்பித்தவரிடம் கேட்ட முக்கியமான கேள்வி, வீட்டில் தொலைபேசி வசதி இருக்கா என்பது. கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராம்கூட இப்படி வீடுகளிலிருந்து வந்ததுதான். ஆள் எத்தனை மணிக்குக் கதிரையில் இருந்தார் என்று பார்க்காமல், முடிந்த வேலையைப் பார்த்தார் ஷேர்லி. முதலாளிமார் இன்றைக்கும் தடுமாறுகிற இடம் இதுதான். 2013இல் யாஹூ எல்லாரையும் திரும்ப அலுவலகத்துக்குக் கூப்பிட்டதே!

ஆனால் இதில் ஒரு கசப்பும் இருக்கு. ஸ்டெபனி என்று கையெழுத்திட்ட கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ஸ்டீவ் என்று போட்ட பிறகுதான் வந்தது. வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்தால், டைப்ரைட்டர் சத்தம் பதிந்த ஒரு டேப்பை ஓடவிடுவார், பிள்ளை அழுவது கேட்காமலிருக்க. வீட்டிலிருந்து வேலை செய்யலாம், வீடு மட்டும் வெளியில தெரியக்கூடாது! சூம் கமராவுக்குப் பின்னால் பொய்யான புத்தக அலுமாரியை வைக்கிற எங்களுக்கு இது விளங்கும்.

அவருக்குத் தேவைப்பட்டது தாளும் தொலைபேசியும்தான். எங்களுக்குக் கரண்ட் வேணும். 2022 ஜூனில் பெட்ரோல் இல்லையென்று அரச ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். அதே வருசம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாடு இது. ஜெனரேட்டர் அலுவலகத்தில் இருந்தது, வேலை வீட்டுக்கு வந்தது. டேட்டாக் காசும் பலருக்குத் தங்கட சட்டைப் பையிலிருந்துதான் போனது.

ஷேர்லி பிறகு கம்பனியின் கால்வாசியைத் தன் பங்கிலிருந்தே ஊழியர்களுக்குக் கொடுத்தார். அவர்களில் 70 பேர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள்.