பாவித்த இசைப்பொறிகளின் விலை வரலாறு

பாவிக்கப் பாவிக்க விலை குறைதல் பொருள்களின் பொதுவியல்பாகும். மோட்டர் வண்டியும் தையற்பொறியும் வானொலிப் பெட்டியும் கடையை விட்டு நீங்கிய அன்றே மதிப்பிழக்கத் தொடங்குகின்றன. ஓவியம், பழைய நாணயம், ஏட்டுச்சுவடி என்பன இவ்விதிக்குப் புறநடையாவன. இத்தாலியிலே கிரெமோனா நகரில் வாழ்ந்து 1737 ஆம் ஆண்டிற் காலமான ஸ்திராடிவாரியின் வயலின்களும் அத்தகையனவே. அவை ஒரு பெருங் கைவினைஞனின் கையாற் செய்யப்பட்டவை. அவன் மறைந்தபின் அவற்றின் தொகை பெருக வழியில்லை. ஆகவே அவை விலையேறியமை வியப்பன்று. ஆனால், தொழிற்சாலையிலே ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்ட, கம்பியும் திரான்சிற்றரும் நிறைந்த ஓர் இலத்திரனியற் பெட்டி, முதலில் விலைபோகாது கிடந்து, பின்னர் அடைவுக்கடையில் அற்ப விலைக்கு விற்கப்பட்டு, ஈற்றிற் புதிதாயிருந்த காலத்து விலையினும் பன்மடங்கு பெறுமதி எய்தியதாயின், அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். சிந்தசைசர் எனப்படும் ஒலித்தொகுப்புக் கருவிகளினதும், ட்றம் மெஷின் எனப்படும் தாளப்பொறிகளினதும் வரலாறு இத்தகையது.

சிந்தசைசரின் தத்துவம் சிக்கலானதன்று. மின்னலைவு ஒன்றைப் பிறப்பித்து, அதனை வடிகட்டி, அதன் உரத்தை ஏற்றியிறக்கி ஒலிபெருக்கியிற் செலுத்தினால் இசையொலி உண்டாகும். இவ்வுறுப்புகள் யாவற்றையும் மின்னழுத்தத்தினாலேயே கட்டுப்படுத்தலாம் என்பதைச் செயலிற் காட்டி, இசைவாணர் கையாளத்தக்க கருவியாக்கியவருள் தலையாயவர் அமெரிக்கரான றொபேட் மோக். அவர் ஹேபேட் டொயிச் என்னும் இசையமைப்பாளரோடு சேர்ந்து 1964 இல் முதன்மாதிரியை அமைத்தார். 1968 இல் வெண்டி காலொஸ் மோக்கின் கருவியிலே பாக் என்னும் ஜேர்மானிய மேதையின் இசையை வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு பெருந்தொகையாய் விற்பனையாயிற்று. அதன்பின்னரே ஆய்வுகூடப் பொருளாயிருந்த கருவி அங்காடிப் பொருளாயிற்று.

ஆயினும் அக்கருவி அலுமாரியளவு பெரிது. அதன் உறுப்புகளைக் கம்பிகளாற் பிணைத்த பின்னரே ஒலி பிறக்கும். இக்குறை நீங்க 1970 இல் மினிமோக் என்னும் சிறுகருவி தோன்றியது. ஈண்டு ஒரு வணிகரைக் குறிப்பிடாது செல்லல் தகாது. டேவிட் வான் கோவரிங் என்பார் புளோரிடா மாநிலத்து இசைக்கருவிக் கடைகளுக்குத் தாமே கருவியைக் கொண்டு சென்று, வாசித்துக் காட்டி, விற்பனை செய்தார். பியானோவும் கிற்றாரும் விற்ற கடைக்காரர், விளங்காத குமிழ்கள் நிறைந்த பெட்டியைத் தம் கடையில் வைக்க இசைந்தமை பெரிதும் அவரது முயற்சியாலேயாம். 1981 வரை பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட மினிமோக்குகள் செய்யப்பட்டன. கருவியைக் கண்டவர் புகழ்பெறுவர். அதனைக் கடைத்தெருவுக்குக் கொண்டு சென்றவரை வரலாறு விரைவில் மறந்துவிடும்.

மினிமோக் ஒருவேளையில் ஒரு சுரத்தையே ஒலிக்கும். 1978 இல் கலிபோர்ணியாவில் டேவ் சிமித் என்பார் வெளியிட்ட புறொபெற் 5 ஐந்து சுரங்களை ஒருங்கே ஒலித்தது. அமைத்த ஒலியை நினைவில் வைத்து, வேண்டியபோது மீளத் தந்தது. அதன் விலை நாலாயிரம் டொலர் அளவினது. செல்வரும் புகழ்பெற்ற இசைக்குழுவினருமே அதனை வாங்கத்தக்கவராயிருந்தனர்.

இந்நிலையை மாற்றியது 1983 ஆம் ஆண்டு. அவ்வாண்டில் யமகாக் கம்பனியார் டி.எக்ஸ். 7 என்னும் கருவியை வெளியிட்டனர். ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து ஜோன் சௌனிங் கண்டறிந்த புதுமுறையொன்றைக் கொண்டு, முற்றும் இலக்கமுறையில் ஒலியை உண்டாக்கியது அக்கருவி. அது பதினாறு சுரங்களை ஒருங்கே ஒலிக்கும், சுருதி பிசகாது, விலையோ இரண்டாயிரம் டொலருக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய இரண்டு இலட்சம் கருவிகள் விற்பனையாயின. வெவ்வேறு கம்பனியாரின் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் மிடி என்னும் பொதுமுறையும் அவ்வாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. மிடி இல்லாத பழைய கருவி ஒரே நாளில் ஊமையாயிற்று எனலாம். வெப்பத்தாற் சுருதி கலைவதும், பாரமானதும், பழுதுபார்த்தற்கு அரியதுமான அதனை வைத்திருப்பது அறியாமை என எண்ணிய இசைவாணர், கிடைத்த விலைக்கு விற்றுப் புதியதை வாங்கினர். அவர்களைப் பழித்தல் நேரிதன்று. தொழில் செய்பவனுக்குக் கருவி வேலைக்கு உதவுவது, நினைவுச்சின்னமன்று.

தாளப்பொறியின் கதை இதனினும் சுவையானது. யப்பானிலே ஒசாக்கா நகரில் இக்குத்தாரோ கக்கெகாஷி என்பவர் 1972 இல் றோலண்ட் கம்பனியைத் தொடங்கினார். 1980 இல் அக்கம்பனி ரி.ஆர். 808 என்னும் தாளப்பொறியை 1,195 டொலர் விலையில் வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்கரான றொஜர் லின் வெளியிட்ட எல்.எம். 1 என்னும் பொறி, மெய்யான முழவுகளின் ஒலிப்பதிவுகளை நினைவிற் கொண்டிருந்தது. அதன் விலை ஐயாயிரம் டொலர் அளவினது. 808 இலோ ஒலிப்பதிவு எதுவுமில்லை. முழவொலியும் கைத்தாள ஒலியும் மின்சுற்றுகளாற் புனையப்பட்டவை. மெய்யான முழவின் ஒலியை அவை சிறிதும் ஒத்திரா. அதன் பெருமுழவு நீண்டு அதிரும் ஓர் ஆழ்ந்த முழக்கம். சிறுதாளம் எண்ணெயிற் கடுகு பொரிவது போன்ற ஒலி. இப்பொரியொலிக்கெனக் குறைபாடுள்ள திரான்சிற்றர்களையே தாம் வாங்கிப் பயன்படுத்தியதாகக் கக்கெகாஷி பிற்காலத்திற் கூறியுள்ளார். திரான்சிற்றர் ஆக்கும் தொழில் திருந்தியபோது அத்தகைய குறையுள்ளவை கிடைப்பது அரிதாயிற்று. 1983 இற் பொறியின் உற்பத்தியும் நின்றது. பிழை திருந்தியமையால் ஒரு பொருள் இறந்துபட்ட கதை வேறெங்கும் எளிதிற் காணப்படுவதன்று. செய்யப்பட்டவை ஏறக்குறையப் பன்னீராயிரம்.

1981 இல் அக்கம்பனி வெளியிட்ட ரி.பி. 303 இன்னும் இரங்கத்தக்கது. தனியே வாசிக்கும் கிற்றார்க் கலைஞருக்குத் தாழ்சுரத் துணை வழங்கவென தாதாஓ கிக்குமோட்டோ என்னும் பொறியியலாளர் அதனை அமைத்தார். தாழ்சுரக் கிற்றாரின் ஒலி அதிற் பிறக்கவில்லை. சுரங்களைப் பதியும் முறையோ பலருக்கும் விளங்கவில்லை. பதினாயிரம் அளவிற் செய்யப்பட்டு, 1984 இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. எஞ்சியவை மலிவு விலையிற் கழிக்கப்பட்டன.

இப்பொறிகள் பாவித்த பொருள் விற்கும் கடைகளுக்கும் அடைவுக்கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. நூறு டொலருக்கும் அதனிற் குறைவாகவும் அவை கிடைத்த காலம் அது. வாங்கியவர் யாவர்? சிக்காகோவிலும் டெற்றோயிற்றிலும் நியூ யோர்க்கிலும் வாழ்ந்த, பெரும்பாலும் கறுப்பினத்தவரான, கைப்பொருள் குறைந்த இளைஞர். ஒலிப்பதிவுக்கூடத்தை வாடகைக்கு எடுக்க அவர்களிடம் பணமில்லை. முழவு வாசிப்பவருக்குக் கூலி கொடுக்கவும் இயலாது. செல்வர் கழித்த பொருள் அவர்களுக்கு மூலதனமாயிற்று. சிக்காகோவில் பியூச்சர் என்னும் குழுவினர், பாவித்த 303 ஒன்றின் குமிழ்களை அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே திருகினர். ஆக்கியோன் நினையாத ஓர் ஒலி, பிழிந்தெடுத்தாற்போன்று எழுந்தது. 1987 இல் அவர்கள் வெளியிட்ட 'அசிட் ட்றாக்ஸ்' என்னும் இசைத்தட்டினின்றும் ஒரு புதிய நடன இசைமரபே கிளைத்தது. டெற்றோயிற்றைச் சேர்ந்த டெரிக் மே தமது ரி.ஆர். 909 ஐச் சிக்காகோவின் பிராங்கி நக்கிள்ஸுக்கு விற்ற செய்தி இவ்விசையின் வரலாற்றிற் பலராலும் எடுத்துரைக்கப்படுவது. ஒரு நகரத்தாளம் மற்றொரு நகருக்குச் சென்றது பாவித்த பொருளின் விற்பனையாலென்பது கருதற்பாலது.

இந்தியாவிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங் 1982 இல், 808, 303, ஜூப்பிற்றர் 8 ஆகிய றோலண்ட் கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை நடனத்தாளத்தில் அமைத்து வெளியிட்டார். சிக்காகோ இளைஞருக்கு ஐந்தாண்டு முந்திய முயற்சி அது. வாங்குவாரின்றி மறைந்த அவ்விசைத்தட்டு 2010 இல் மீளவெளியிடப்பட்டபோது உலகம் வியந்தது. சென்னையில் ஆர். கே. சேகர் என்னும் இசையமைப்பாளர் 1976 இல் மறைந்தபோது, அவருடைய இசைக்கருவிகளை விற்று அப்பணத்தின் வட்டியில் வாழலாமெனச் சிலர் அறிவுரை கூறினரென்பர். மனைவியார் விற்க இசையவில்லை. கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் பிழைத்தது. அப்பொழுது ஒன்பது வயதினராயிருந்த அவர் மகனை இன்று உலகம் ஏ. ஆர். ரகுமான் என அறியும். ஒரு கருவியின் பெறுமதி சந்தை விலையிலே முற்றும் அடங்குவதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

1990 ஆம் ஆண்டுகளில் விலை ஏறலாயிற்று. புதிய நடன இசை ஐரோப்பாவெங்கும் பரவ, அதன் ஒலியை விரும்பியோர் அதற்குரிய பொறியைத் தேடினர். உற்பத்தியோ நின்றுவிட்டது. மாக் வெயில் எழுதிய பழைய சிந்தசைசர்கள் பற்றிய நூல் 1993 இல் வெளிவந்தது. கழிக்கப்பட்ட பொருள் வரலாற்றுப் பொருளாயிற்றென்பதற்கு அந்நூலே அறிகுறி. அதுவரை சஞ்சிகைகளின் விளம்பரப் பக்கங்களிலும் ஊர்க்கடைகளிலும் நடந்த வாணிகம், 1995 இல் ஈபே ஏலச்சந்தை தோன்றியபின் உலகளாவியதாயிற்று. 2013 இற் சிக்காகோவிலே இசைக்கருவிகளுக்கெனவே றிவேப் என்னும் சந்தை தொடங்கப்பட்டது. முன்னர் ஓர் ஊரில் ஒருவர் அறியாமையால் மலிவாக விற்றதை மற்றொருவர் நல்லூழாற் பெறுதல் கூடும். விலை யாவருக்கும் வெளிப்பட்டபின் அந்நல்லூழ் அற்றது. இன்று நன்னிலையிலுள்ள 808 ஒன்று சில ஆயிரம் டொலர் பெறும்.

வாங்குவோர் அறியவேண்டியனவும் சிலவுள. இப்பொறிகள் முதுமையடைந்தவை. கோர்க் கம்பனியின் பொலிசிக்ஸ் என்னும் கருவியிலே நினைவைக் காக்கும் பற்றறி கசிந்து, அதன் காரம் சுற்றுப்பலகையை அரித்துவிடும். வெளியே மெருகு குன்றாத கருவியின் உள்ளே இக்கேடு மறைந்திருத்தல் உண்டு. 1984 இல் வந்த றோலண்ட் ஜூனோ 106 இன் குரற்சில்லுகள் ஒவ்வொன்றாய்ச் செயலிழக்கும். அவற்றின்மேற் பூசிய பசையை அசற்றோனில் ஊறவைத்து நீக்கினால் மீளவும் உயிர்பெறுதல் உண்டென்று திருத்துவோர் கண்டனர். யப்பானில் விற்கப்பட்ட கருவி 100 வோல்ற்று மின்னுக்குரியது. அதனை 230 வோல்ற்றில் நேரே இணைத்தவன் புகையைக் காண்பான். சென்ற தலைமுறையார் மிடி இணைப்புக்கெனத் துளையிட்ட கருவியை இன்று சேகரிப்போர் சிலர் குறையுடையதென்கின்றனர். வேலைக்கென வாங்கியவன் இட்ட துளை, காட்சிக்கென வாங்குபவனுக்கு வடுவாகத் தோன்றுகின்றது.

விலையேற்றத்தின் காரணம் அருமையே என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. அவ்விடை முற்றும் பொருந்தாது. 1984 இலும் 303 பதினாயிரமே இருந்தன; அன்று அவை அருமையெனக் கொள்ளப்படவில்லை. ஒலியே காரணமெனின் அதுவும் ஐயத்துக்குரியது. 1997 இல் 303 ஐயும் 808 ஐயும் கணினியிற் போலச்செய்யும் றீபேத் என்னும் மென்பொருள் வந்தது. 2013 இற் கோர்க் தனது எம்.எஸ். 20 ஐ 86 வீத அளவிற் சிறிதாக்கி மீளவெளியிட்டது. 2016 இல் மோக் கம்பனி மினிமோக்கை மீண்டும் செய்தது. பேரிங்கர் கம்பனியின் மலிவான போலிகள் 2018 முதல் சில நூறு டொலருக்கே கிடைக்கலாயின. அவ்வொலி இன்று எவருக்கும் எட்டத்தக்கது. மூலப்பொறியின் விலையோ அதற்கேற்ப வீழவில்லை. ஆகவே வாங்குவோர் விலை கொடுப்பது அப்பொறியின்மீது படிந்த வரலாற்றுக்கென்றே கொள்ளல் வேண்டும். அவ்வரலாற்றைப் படைத்தவர் அடைவுக்கடையில் வாங்கிய ஏழை இளைஞர். அவருட் பலர் வறுமையினாற் பொறியை விற்றுவிட்டனர். விலையேற்றத்தால் வந்த ஊதியம் அவரைச் சேரவில்லை. செய்த கம்பனிக்கும் மறுவிற்பனையில் ஒரு சதமும் இல்லை. இடைநின்று வாங்கிக் காத்திருந்தவனே பயனடைந்தான். இவனையும் முழுதும் பழித்தலாகாது. அவன் காவாதிருப்பின் பல பொறிகள் குப்பைமேட்டிற் சேர்ந்திருக்கும்.

காத்தவருள் திருத்துவோரே உண்மையில் முதன்மை பெறவேண்டியவர். புறொபெற் 5 முதலிய கருவிகளின் உயிர்நிலை, டக் கேர்ட்டிஸ் என்பவர் அமைத்த சில்லுகள். அவை கிடையாது போனபின் ஒரு கருவியை உயிர்ப்பிக்க இன்னொன்றை உடைத்துச் சில்லைக் கழற்றவேண்டியிருந்தது. இவ்வாறு இரண்டு ஒன்றாய்க் குறைந்தன. கேர்ட்டிஸ் 2007 இற் காலமானார். 2016 இல் அவர் கம்பனியார் சி.ஈ.எம். 3340 என்னும் சில்லை மீண்டும் ஆக்கத் தொடங்கினர். யமகாவிடமிருந்த தம் பழைய கம்பனிப் பெயரை 2015 இற் கக்கெகாஷியின் ஊக்கத்தால் மீளப்பெற்ற டேவ் சிமித், 2020 இற் புறொபெற் 5 ஐ நான்காம் முறையாகத் திருத்தி வெளியிட்டார். ஈராண்டில் அவரும் மறைந்தார். முன்னர் உடைத்துக் கழிக்கப்பட்ட கருவிகளின் வெற்றுப்பெட்டிகளையும் இப்பொழுது திருத்துவோர் விலைகொடுத்து வாங்குகின்றனர்.