அறுத்துக்கட்டும் வழக்கும் அரசாங்கப் படிவமும்

கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பது பழமொழி. பயிர் பட்டுப்போனால் நிலத்தைத் தரிசாகக் கிடக்கவிட முடியாது என்பது உழுபவன் அறிந்த உண்மை. தமிழகத்தின் உழைக்கும் சாதிகள் பலவற்றிலே, ஒத்துவராத மணவாழ்வை ஊர்ப் பெரியவர் முன்னிலையில் தீர்த்துக்கொண்டு, ஆணும் பெண்ணும் வேறு துணை தேடிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. கைம்பெண்ணுக்கும் மறுமணம் உண்டு. ‘அறுத்துக்கட்டுகிற சாதி’ என்று உயர்சாதியினர் இகழ்ந்து பேசியது இவர்களையே. இகழ்ந்தவர்களின் வீட்டிலோ பன்னிரண்டு வயதுக் கைம்பெண் வெள்ளைச் சேலையில் மூலையில் கிடந்தாள். எது நாகரிகம் என்பதை வாசகரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இந்த வழக்கம் கடல் கடந்து நமது மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்து சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கியோர் மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காடு கடந்து நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். மாசிமகத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் தேரிழுக்கும் கூட்டத்தைக் காணும்போதெல்லாம், அந்த நடைபாதையில் வந்தோரின் வழித்தோன்றல்களே இவர்கள் என்பதை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்து வாழ்வில் மறுமணம் விரைந்தே நிகழ்ந்தது. விரைந்து நிகழ வேண்டியும் இருந்தது. லயத்துக் காம்பிராவில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பால்குடிப் பிள்ளையைப் பார்ப்பது யார், அடுப்பை மூட்டுவது யார், ஒற்றைச் சம்பளத்தில் கங்காணியின் கடனைத் தீர்ப்பது எப்படி? துணையை இழந்தவரோ பிரிந்தவரோ ஆண்டுக்கணக்கில் காத்திருக்க இயலாது. தோட்டத் தலைவரும் நாலு பெரியவரும் கூடிப் பேசுவர், சீதனப் பொருள் திரும்பும், விஷயம் முடியும். காகிதம் ஏதும் எழுதப்படவில்லை.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிப்போம். இதே மாத்தளை மாவட்டத்தின் சிங்களக் கிராமத்திலும் மணமுறிவு எளிதாகவே இருந்தது. 1859இல் ஆங்கில அரசு கண்டியர் விவாகத்துக்குச் சட்டம் இயற்றி, ஐரோப்பிய முறையை அவர்கள்மீது திணிக்க முயன்றது. மக்கள் அதற்குப் பணியவில்லை. ஆகவே 1870இல் இருவரும் உடன்பட்டால் பதிவாளரிடமே விவாகத்தை ரத்துச் செய்துகொள்ள இடமளித்தது. 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டமும் அந்த உரிமையைப் பேணியது. கண்டிய விவசாயி 1840ஆம் ஆண்டின் காணிச் சட்டத்தால் நிலமிழந்தவன். 1848இல் மாத்தளையில் கிளர்ந்தெழுந்தவன். அவனுடைய வழக்கம் சட்டமேறியதில் நமக்கு மகிழ்ச்சியே. நாம் கேட்பது, அதே மலையில் கோப்பி பறித்தவனின் வழக்கம் ஏன் ஏறவில்லை என்பதுதான்.

தோட்டத் தமிழர் 1907ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுச் சட்டத்துக்கு உட்பட்டனர். அச்சட்டம் விசித்திரமானது. பதியாமல், வழக்கப்படி தாலி கட்டிய திருமணத்தையும் நீதிமன்றங்கள் ஏற்றன. ஆனால் அந்தத் திருமணத்தை முறிக்க நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றே வழி. தீர்ப்புப் பெறச் சோரம், வன்மமாகக் கைவிட்டுச் செல்லுதல், மணநாளிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறை போன்ற குற்றமோ குறையோ நிரூபிக்கப்பட வேண்டும். ‘எங்களுக்கு ஒத்துவரவில்லை’ என்பது போதாது. சுருங்கச் சொன்னால், வழக்கப்படி கட்டியது செல்லும். வழக்கப்படி அறுத்தது செல்லாது. எனவே பெரியவர் முன் பிரிந்து மறுமணம் செய்தவரின் இரண்டாம் வாழ்க்கை, சட்டத்தின் கண்ணில் வாழ்க்கையே அன்று.

தோட்டத்துக்குள் இருந்தவரை இதனால் பெருந்தீங்கு விளையவில்லை. யார் மனைவி என்று துரையும் கேட்கவில்லை. செக்ரோலில் பேர் இருந்தால் போதும். சுதந்திரம் வந்த பின்னரே கேள்வி வந்தது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வாசிகளுக்கென இயற்றிய 3ஆம் இலக்கச் சட்டம் அவர்கள் விண்ணப்பிக்க ஒரு வாசலைத் திறந்தது. அந்த வாசற்படியில் மணவாழ்வே அளவுகோல். 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் ஏழாண்டு இடையறாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும். மணமாகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்தானவர் ஆகியோருக்குப் பத்தாண்டு. மூன்றாண்டு வித்தியாசம்! குடும்பஸ்தன்தான் நிலைத்து வாழ்வான் என்பது சட்டம் வரைந்தோரின் எண்ணம் போலும்.

இதனினும் கொடியது மற்றொரு நிபந்தனை. விண்ணப்பிக்கும் கணவனின் மனைவி, திருமணமாகி ஓராண்டுக்குள் இலங்கைக்கு வந்து, அன்றிலிருந்து இடையறாது இங்கே இருந்திருக்க வேண்டும் என மூலச்சட்டம் விதித்தது. நீதிமன்ற ஆணைப்படியோ முறையாக எழுதிய பிரிவினை உறுதிப்படியோ பிரிந்து வாழ்பவனுக்கே இதில் விலக்கு உண்டு. தலைவர் முன்னிலையில் பிரிந்தவனுக்கு எந்த ஆணை? எந்த உறுதி? முதல் மனைவி தாய் வீட்டோடு திருச்சிச் சீமைக்குத் திரும்பியிருந்தால், சட்டப்படி அவளே அவன் மனைவி. அவள் இங்கே இல்லாததே அவனுடைய குறை. பக்கத்தில் நின்று பத்தாண்டு கொழுந்து கிள்ளியவள் கணக்கில் வருவதில்லை. 1951 ஆகஸ்டில் விண்ணப்பக் காலம் முடிந்தபோது ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காகக் குவிந்திருந்தன. 1960களின் நடுப்பகுதிக்குள் பிரஜைகளானோர் சுமார் 1,34,000 பேரே. மறுத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பல. மணவாழ்வைக் காகிதத்தில் காட்டச் சொன்னதும் அந்தச் சல்லடையின் ஒரு கண்.

கடலுக்கு அப்பால் நடந்ததையும் பார்ப்போம். 1955இல் இந்தியா இயற்றிய இந்து விவாகச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, வழக்கத்தால் அங்கீகரிக்கப்பட்ட மணமுறிவு தொடர்ந்தும் செல்லும் என்றது. இலங்கையில் குற்றமாகிப்போன வழக்கம் பிறந்த மண்ணில் சட்டமாயிற்று. ஆனால் அதே சட்டம், நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்றவர் மறுமணத்துக்கு ஓராண்டு காத்திருக்கவும் பணித்தது. 1976இல்தான் அந்தத் தடை நீங்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தலைமன்னாருக்குப் போன ரயிலை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். போனோருள் பலர் நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் மீண்டும் தேயிலைக்கே வந்தனர். உறவு இரு கரையிலுமாயிற்று. கொள்வினை கொடுப்பினைக்குக் கடவுச்சீட்டும் விசாவும் தேவையாயின.

இன்று மாத்தளையிலிருந்து பெண்ணோ பிள்ளையோ மணவழி செல்லும் நாடுகள் பல. அங்கெல்லாம் மணவாழ்வை அதிகாரி அளக்கிறார். 1979இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், மணம் முடிக்க வந்த இந்திய ஆசிரியை ஒருவரின் கன்னிமையை மருத்துவர் பரிசோதித்த கொடுமை வெளியாகி உலகம் கொதித்தது. திருமணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அன்று என விண்ணப்பிப்பவரே நிரூபிக்க வேண்டும் என்றிருந்த பிரித்தானிய விதி 1997இல் நீக்கப்பட்டது. சந்தேகம் நீங்கவில்லை. முதல் மணம் முறிந்து சில மாதங்களில் மறுமணம் என்றால் அது நாடகமோ என்ற கேள்வி எழுகிறது. லயத்து வாழ்வின் அவசரத்தை அறியாத கேள்வி அது.

படிவம் நிரப்பித் தரும்படி பாடசாலை ஆசிரியரை நாடி வருவோர் தோட்டப்புறங்களில் இன்றும் உள்ளனர். ஆகவே ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுச் சட்டப்படி நீதிமன்றம் முதலில் தருவது இடைக்காலத் தீர்ப்பு. மூன்று மாதங்களுக்குப் பின்னரே அது முடிவுத் தீர்ப்பாகும். இடையில் செய்யும் திருமணம் செல்லாது. தண்டனைச் சட்டக் கோவைப்படி குற்றமுமாகும். வருவோரிடம் மறுமணத் தேதியைக் கேட்பதற்கு முன் முடிவுத் தீர்ப்பின் தேதியைக் கேளுங்கள். அதன் உறுதிப்படுத்திய பிரதியை வழக்கு நடந்த நீதிமன்றத்தின் பதிவகத்தில் பெறச் சொல்லுங்கள். பெரியவர் முன்னிலையில் மட்டும் பிரிந்தவர் என்றால், புது மணப்பதிவுக்கு நாள் குறிக்குமுன் மாத்தளை மாவட்ட நீதிமன்றத்துக்குச் செல்லுமாறு சொல்லுங்கள்.