நீதிபதி அறையில் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி (அமெரிக்கா)

அமெரிக்கச் சட்டக் கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் சில வாரங்கள் ஒரு நீதிபதியின் அலுவலகத்தில் அமர்ந்து, அவர் முன் நிற்கும் வழக்குகளுக்கு ஆய்வு செய்து கொடுக்கும் பயிற்சி இது. அந்நாட்டில் சட்டம், ஒரு பட்டம் பெற்ற பிறகு படிக்கும் மூன்றாண்டுப் படிப்பு. இடையில் வருவன இரண்டே கோடைகள். பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் நல்ல சம்பளம் கொடுத்து மாணவர்களை அழைக்கின்றன. நீதிபதியின் அறையிலோ பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஆனாலும் போட்டி கடுமை. கல்லூரியில் எழுதி முடித்த தீர்ப்பைத்தான் படிக்க முடியும். தீர்ப்பு உருவாவதைப் பார்க்க இந்த அறைக்குத்தான் வரவேண்டும்.

மாணவர் எழுதுவதில் முக்கியமானது ‘பெஞ்ச் மெமோ’ எனப்படும் குறிப்பு. வழக்கின் வரலாறு, கீழ் நீதிமன்றம் சொன்னது, இரு தரப்பு வாதம், கட்டுப்படுத்தும் முன்தீர்ப்புகள், கடைசியில் எழுதுபவரின் சொந்தக் கருத்து. நீதிபதி வாதம் கேட்க அமர்வதற்கு முன் இதைப் படித்திருப்பார். இதைவிடப் பெரிய பாடம், சலிப்பூட்டுவதாகத் தோன்றும் சரிபார்ப்பு வேலையில் இருக்கிறது. சாட்சி இப்படிச் சொன்னார் என்று மனுவில் ஒரு வரி, பக்கத்தில் ஆவண எண். மாணவர் வழக்குக் கட்டைப் புரட்டி அந்தப் பக்கத்துக்குப் போகிறார். சாட்சி அப்படித்தான் சொல்லியிருக்கிறார். கூடவே ‘எனக்கு நினைவிருக்கும் வரை’ என்றும் சொல்லியிருக்கிறார். மனுவில் அந்தச் சொற்கள் இல்லை. ஒருவருடைய சிறைவாசமோ சொத்தோ அந்தச் சொற்களைப் பொறுத்து மாறலாம். இதை ஒரு முறை தன் கண்ணால் கண்ட மாணவர், மூலத்தைப் பார்க்காமல் எந்த மேற்கோளையும் நம்பமாட்டார்.

அறைக்குள் கேட்டது வெளியே போகக்கூடாது என்பது முதல் நாளே சொல்லப்படும் விதி. எந்த வழக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வீட்டாரிடம்கூடச் சொல்லக்கூடாது.

கோடைப் பயிற்சிக்கு அடுத்த படி, பட்டம் பெற்றபின் ஓராண்டோ ஈராண்டோ சம்பளத்துடன் நீதிபதியிடம் ‘லா கிளார்க்’ ஆக இருப்பது. நம் ஊர் வக்கீல் குமாஸ்தாவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது; இவர்கள் கல்லூரியில் முன்வரிசையில் தேறியவர்கள். இந்த வழக்கத்தைத் தொடங்கியவர் ஹொரேஸ் கிரே. மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை நீதிபதியாக இருந்தபோது, 1875 முதல் ஹார்வர்டு பட்டதாரிகளை உதவிக்கு வைத்துக்கொண்டார். அங்கே பேராசிரியராக இருந்த, ஒரே தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்த அவருடைய தம்பி ஜான் சிப்மன் கிரே ஆள் தேர்ந்தெடுத்து அனுப்புவார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான லூயி பிராண்டைஸ் அப்படி வந்தவர். கிரே 1882-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, உதவியாளரின் சம்பளத்தைத் தன் கைக்காசிலிருந்து கொடுத்தார். 1886-இல்தான் நாடாளுமன்றம் இதற்குப் பணம் ஒதுக்கியது. தன் கருத்தைச் சொல்லும் முன் இளைஞரின் கருத்தைக் கேட்பது கிரேயின் பழக்கம். நல்ல ஆசிரியரின் அடையாளம் அது.

இன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஒவ்வொருவருக்கும் பொதுவாக நான்கு கிளார்க்குகள். ஆண்டுதோறும் வரும் ஆயிரக்கணக்கான மனுக்களில் விசாரணைக்கு எடுக்கப்படுவன நூறுகூட இல்லை. 1972 முதல் பெரும்பாலான நீதிபதிகள் மனுக்களைப் பொதுவில் பங்கிட்டு, ஒரு மனுவுக்கு ஒரு கிளார்க் எழுதும் குறிப்பைப் பகிர்ந்து படிக்கிறார்கள். இருபத்தைந்து, முப்பது வயதுக்காரரின் கையில் இத்தனை செல்வாக்கா என்ற கவலை நியாயமானது. 1952-இல் நீதிபதி ராபர்ட் ஜாக்சனின் கிளார்க்காக இருந்த வில்லியம் ரென்குவிஸ்ட், பள்ளிகளில் இனப்பிரிவினை பற்றிய வழக்குக்காக, இனப்பிரிவினைக்கு இடம்கொடுத்த பழைய தீர்ப்பு சரியே என்று ஒரு குறிப்பு எழுதினார். 1954-இல் நீதிமன்றம் ஒருமனதாக அதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. 1971-இல் ரென்குவிஸ்ட் நீதிபதியாக முன்மொழியப்பட்டபோது அந்தத் தாள் வெளிவந்தது. அது ஜாக்சனின் கருத்தை எழுதியது என்றார் அவர், பலர் ஏற்கவில்லை. குறிப்பு எழுதுவது கிளார்க்காக இருக்கலாம், முடிவு நீதிபதியுடையது என்பதற்கும் அதே வழக்கு சாட்சி.

இந்த அறைகளிலிருந்தே நீதிபதிகள் வருகிறார்கள். உச்ச நீதிமன்றத்தில் ராபர்ட்ஸ் ரென்குவிஸ்டின் இடத்துக்கும், கவனா நீதிபதி கென்னடியின் இடத்துக்கும், கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் நீதிபதி பிரேயரின் இடத்துக்கும் வந்தார்கள். மூவருமே தாங்கள் யாரிடம் கிளார்க்காக இருந்தார்களோ அவர்களின் நாற்காலியில் அமர்ந்தவர்கள். ஆகவே அறைக்குள் யாரை விடுகிறார்கள் என்பது சின்ன விஷயமல்ல. உச்ச நீதிமன்றத்தில் முதல் பெண் கிளார்க் லூசில் லோமன். 1944-இல் நீதிபதி டக்ளஸ் நியமித்தார். முதல் கறுப்பினத்தவர் வில்லியம் கோல்மன். 1948-இல் நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டர் நியமித்தார். அதே ஃபிராங்ஃபர்ட்டர் 1960-இல், பெண் என்பதால் ரூத் பேடர் கின்ஸ்பர்கை மறுத்தார்.

கின்ஸ்பர்க் கொலம்பியா சட்டக் கல்லூரியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு தேறியவர். நியூயார்க் நீதிபதி எட்மண்ட் பால்மியரியும், சின்னக் குழந்தையின் தாயால் வேலை பார்க்க முடியுமா என்று முதலில் தயங்கினார். பேராசிரியர் ஜெரால்டு குந்தர், இவரை எடுக்காவிட்டால் இனி ஒரு கொலம்பியா மாணவரையும் உங்களுக்குப் பரிந்துரைக்கமாட்டேன் என்று அடித்துச் சொன்னார். கின்ஸ்பர்க் அங்கே இரண்டாண்டு இருந்தார். 1993-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

எல்லா மாணவருக்கும் ஒரு குந்தர் வாய்ப்பதில்லை. சம்பளமில்லாக் கோடையை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைதான் தாங்க முடியும். அதற்காகவே அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், வாய்ப்புக் குறைந்த பின்னணியிலிருந்து வரும் மாணவர்களை நீதிபதிகளிடம் குறைந்தது ஆறு வாரம் சேர்த்துவிட்டு, உதவித்தொகையும் கொடுக்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. சில கல்லூரிகள் தம் நிதியிலிருந்து வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கின்றன. நியூயார்க், வாஷிங்டன் போன்ற நகரங்களில் அந்தத் தொகை கையைக் கடிக்காமல் கோடையை ஓட்டப் போதுவதில்லை.